தொடர்வினையும் மாற்றுப்பெயரின் இடமும்: ஆங்கில வினையமைப்பைத் தமிழாக்குவது குறித்து

ஆங்கிலத்தை அயன்மொழியாகக் கற்போருக்குப் பேரிடர் தருவது, வினைச்சொல்லின் பின் சிறிய அடைச்சொல் ஒன்றைச் சேர்த்து அதன் பொருளையே மாற்றிவிடும் வழக்கு என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில் சுட்டினார். இத்தகைய தொடர்களுக்கு இன்று வழங்கும் 'ஃப்ரேசல் வெர்ப்' என்னும் பெயர் லோகன் பியர்சால் ஸ்மித்தின் 1925ஆம் ஆண்டு நூலின் வழியே பரவியது. அப்பெயரைத் தமக்குத் தந்தவர் ஹென்றி பிராட்லி என்பதையும் ஸ்மித் பதிவு செய்துள்ளார். இங்கு அது தொடர்வினை எனவும், வினையின் பின் வரும் 'அப்', 'டவுன்', 'ஓவர்', 'ஆஃப்' போன்றவை அடைச்சொல் எனவும் குறிக்கப்படும்.

ஜான்சன் சுட்டிய இடர் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு வேறொரு வடிவில் நேர்கிறது. தொடர்வினைகளைப் பொருளோடு பட்டியலிட்டு மனனம் செய்யத் தருவதே பள்ளி இலக்கணங்களும் தேர்வு வழிகாட்டிகளும் கைக்கொண்ட முறை. 'கிவ் அப்' என்றால் கைவிடு, 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு, 'லுக் ஓவர்' என்றால் மேலோட்டமாகப் பார் என்பன போல அப்பட்டியல்கள் நீளும். இவற்றில் பிழை இல்லை. ஆனால் இவை பொருளைச் சொல்லின் பண்பாக மட்டுமே காட்டுகின்றன. ஆங்கிலத்தில் அப்பொருளின் பெரும்பகுதி சொற்கள் நிற்கும் வரிசையில் உள்ளது. தமிழில் அதே வேலையை எச்ச ஈறும் துணைவினையும் வேற்றுமை உருபும் செய்கின்றன. வரிசையைக் காணாமல் சொல்லை மட்டும் கண்ட மொழிபெயர்ப்பு சில இடங்களில் மூலத்துக்கு நேர்மாறான பொருளைத் தந்துவிடுகிறது.

மாற்றுப்பெயர் நிற்கும் இடம்

'ஷி லுக்ட் ஓவர் தி வால்', 'ஷி லுக்ட் ஓவர் தி லெட்டர்' என்னும் இரு தொடர்களும் புறத்தோற்றத்தில் ஒன்றே. முன்னதில் ஒருத்தி சுவருக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள். பின்னதில் கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்க்கிறாள். பெயர்ச்சொற்களை நீக்கி 'இட்' என்னும் மாற்றுப்பெயரை வைத்தவுடன் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. சுவரைக் கருதினால் 'லுக்ட் ஓவர் இட்' என்றே வரும். கடிதத்தைக் கருதினால் 'லுக்ட் இட் ஓவர்' என்றே வரும். முன்னதில் 'ஓவர்' பெயரோடு இயைந்த முன்னுருபு. பின்னதில் அது வினையோடு இயைந்த அடைச்சொல். தனி மாற்றுப்பெயர் அடைச்சொல்லுக்குப் பின் நிற்பதில்லை. வினைக்கும் அடைச்சொல்லுக்கும் இடையில்தான் நிற்கும். 'டர்ன்ட் டவுன் தி ஆஃபர்', 'டர்ன்ட் தி ஆஃபர் டவுன்' ஆகிய இரண்டையும் ஏற்கும் ஆங்கிலம், 'டர்ன்ட் டவுன் இட்' என்பதை ஏற்பதில்லை. மாற்றுப்பெயர் அழுத்தம் பெற்று ஒருவரை மற்றொருவரோடு எதிர்நிறுத்தும்போதும், வேறொரு பெயரோடு 'அண்ட்' சேர்ந்து வரும்போதும் மட்டும் இவ்விதி தளரும்.

இதனை வெறும் சொல்லமைப்பு விதியாகக் கருதிவிடலாகாது. 1971இல் தொடர்வினை பற்றித் தனிநூல் எழுதிய டுவைட் பாலிஞ்சர், செயப்படுபொருளின் இடத்தைச் செய்தியின் புதுமையோடு தொடர்புபடுத்தினார். கேட்பவர் முன்பே அறிந்தது அடைச்சொல்லுக்கு முன் ஒதுங்கும். புதிதாகச் சொல்லப்படுவது தொடரின் இறுதியில் அழுத்தம் பெறும். மாற்றுப்பெயர் இயல்பாகவே அறிந்த பொருளைச் சுட்டுவதால் அழுத்தமின்றி நடுவில் அடங்கிவிடுகிறது. அறிந்த பொருளைத் தமிழ் பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடும். 'ஹி டர்ன்ட் இட் டவுன்' என்பதற்கு 'மறுத்துவிட்டார்' என்பதே போதும். ஒவ்வொரு 'இட்' டுக்கும் ஒவ்வோர் 'அதை' எழுதும் மொழிபெயர்ப்பு, ஆங்கிலத்தில் அழுத்தமே இல்லாத சொல்லுக்குத் தமிழில் அழுத்தம் கொடுக்கிறது. எதையும் சுட்டாத 'இட்' டும் ஆங்கிலத்தில் உண்டு. 'கெட் அவே வித் இட்', 'ஹேவ் இட் அவுட்' முதலியவற்றில் அதற்குத் தமிழில் இடமே இல்லை. முன்னதற்குத் 'தப்பிவிட்டான்' என்பதும் பின்னதற்கு 'நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்' என்பதும் பொருந்தும்.

மாற்றுப்பெயரின் இடம் மாறினால் பொருளே தலைகீழாகும் இடங்கள்தாம் மிகுந்த எச்சரிக்கைக்குரியவை. 'ஹர் ஃப்ரெண்ட்ஸ் சா த்ரூ ஹர்' என்றால் நண்பர்கள் அவள் போட்ட வேடத்தைக் கண்டுகொண்டனர். 'ஹர் ஃப்ரெண்ட்ஸ் சா ஹர் த்ரூ' என்றால் இடர் தீரும்வரை அவளுக்குத் துணைநின்றனர். சொற்கள் ஒரே சொற்கள். வரிசையைத் தவிர வேறு வேறுபாடு இல்லை. 'சீ த்ரூ' என்ற தலைச்சொல்லின் கீழ் இரு பொருளையும் வரிசையாகத் தரும் இருமொழி அகராதி, எது எப்போது என்பதைச் சொல்லாமல் விட்டால் பயன் இல்லை. 'காட் ஓவர் இட்' என்பது துயரிலிருந்தோ நோயிலிருந்தோ மீண்டதைக் குறிக்கும். 'காட் இட் ஓவர் வித்' என்பது விருப்பமில்லாத வேலையை ஒருவாறு முடித்ததைக் குறிக்கும். இரண்டாவதற்குத் தமிழில் அச்சொட்டான வடிவம் உண்டு: 'செய்து தொலைத்தான்'. எல்லா இணைகளும் இவ்வாறு பிரிவன என்று கொள்ளவும் கூடாது. வண்டி ஒருவர் மேல் ஏறியதை 'ரேன் ஓவர் ஹிம்' என்றும் 'ரேன் ஹிம் ஓவர்' என்றும் சொல்லலாம், பொருள் ஒன்றே.

கவ்வி, மாக்கின் ஆகிய இருவரும் தொகுத்து 1975இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட மரபுத்தொடர் அகராதியின் முதல் தொகுதி இவ்வகையில் முன்மாதிரியானது. வினையோடு முன்னுருபும் அடைச்சொல்லும் சேரும் தொடர்களுக்கு உரிய அத்தொகுதி, பொருளோடு தொடரமைப்புக் குறியீட்டையும் தந்தது. செயப்படுபொருள் எங்கே நிற்கும் என்பதைக் குறியீட்டைக் கொண்டே அறியலாம். குறியீடுகள் பெருகிப் பொதுவாசகரை மிரளவைத்தன என்பது வேறு. மொழிபெயர்ப்பாளருக்கு அவையே அகராதியின் உயிர்ப்பகுதி.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டு, சி. கே. ஆக்டன் 1930இல் முன்வைத்த 'பேசிக் இங்கிலீஷ்'. 850 சொற்களில் ஆங்கிலத்தை அடக்கிக் காட்டிய அத்திட்டத்தில் வினைகள் 18 மட்டுமே. 'என்டர்' என்பதற்கு 'கோ இன்' போல, விலக்கப்பட்ட வினைகளின் இடத்தை அடைச்சொற்கள் நிரப்பின. சொல் குறைந்தது, கற்க வேண்டியது குறையவில்லை. 'புட்', 'அப்', 'வித்' ஆகிய மூன்றையும் தனித்தனியே அறிந்த ஒருவர், 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்ளுதல் என்பதை ஊகிக்க வழியில்லை. ஒரு மொழியின் கடினத்தைச் சொல்லெண்ணிக்கையால் அளக்கும் முயற்சி அடைச்சொல்லிடம் தோற்றுப்போன கதை இது.

அடைச்சொல்லும் துணைவினையும்

அடைச்சொல்லைத் தமிழாக்கும்போது நேரும் பொதுவான பிழை, அதன் இடப்பொருளைத் தேடுவது. 'அப்' என்றால் மேலே, 'டவுன்' என்றால் கீழே என்பது உண்மையே. ஆனால் 'ஈட் அப்' என்பதில் மேலே ஏதும் இல்லை. 'ரைட் டவுன்' என்பதில் கீழே ஏதும் இல்லை. முன்னதில் அடைச்சொல் செயலின் முடிவைக் காட்டுகிறது. பின்னதில் செயலின் பயன் நிலைத்திருப்பதைக் காட்டுகிறது. தமிழில் இவ்வேலைக்கு உரியவை துணைவினைகள். 'ஈட் அப்' சாப்பிட்டுவிடு; 'ரைட் டவுன்' எழுதிவை; 'லாக் அப்' பூட்டிவை; 'புட் அவே' எடுத்துவை. தனக்காகக் குறிப்பதாயின் 'நோட் டவுன்' என்பது குறித்துக்கொள் ஆகும். 'வை', 'கொள்' என்னும் வேறுபாட்டை ஆங்கில அடைச்சொல் காட்டுவதில்லை. அதைச் சூழலிலிருந்து உய்த்தறிந்து தமிழில் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமை.

தமிழ்த் துணைவினைகளின் இப்பண்பை இ. அண்ணாமலை 1985இல் வெளியான வினை விரிவாக்கம் பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்தார். துணைவினை செயலின் நிலையோடு பேசுபவரின் மனப்பாங்கையும் காட்டுவது. 'எழுதித் தள்ளினான்' என்பதில் அளவும் எளிதாகக் கருதும் குறிப்பும் உண்டு. 'கொடுத்து அழுதான்' என்பதில் கசப்பு உண்டு. ஆங்கிலத்தில் 'சர்ன்ட் அவுட்' முன்னதற்கு ஓரளவு ஈடாகும். பின்னதற்கு அடைச்சொல் வழியில் ஈடு இல்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் துணைவினைகளுக்குத் தனிப்பதிவுகள் தந்த பின்னும், ஆங்கிலம்-தமிழ் அகராதிப் பணி அப்பதிவுகளை அடைச்சொல்லோடு பொருத்திப் பார்க்கும் வழக்கத்துக்கு இன்னும் வரவில்லை. 'அப்' என்னும் தலைச்சொல்லின் கீழ் 'விடு', 'தீர்', 'முடி' ஆகிய துணைவினைகள் இடம்பெறுவது அகராதிக்கு அழகு.

நடைவேறுபாட்டிலும் இரு மொழிகளுக்கும் ஒப்புமை உண்டு. 'போஸ்ட்போன்' என்னும் இலத்தீன் வழிச்சொல் அலுவலக நடைக்கும் 'புட் ஆஃப்' பேச்சு நடைக்கும் உரியவை. தமிழில் ஒத்திவைத்தலும் தள்ளிப்போடுதலும் அதே நிலையில் நிற்கின்றன. புதினத்தில் ஒரு கதைமாந்தர் 'புட் இட் ஆஃப்' என்று சொல்லும்போது மொழிபெயர்ப்பாளர் 'ஒத்திவை' என்று எழுதினால், அம்மாந்தரின் வாயில் அறிவிக்கைத் தமிழைத் திணித்தவராவார்.

வெற்றெச்சம்

ஆங்கிலத்தில் 'டு' இன்றி வரும் வினையெச்சத்தை வெற்றெச்சம் எனலாம். 'மேக்', 'லெட்', 'ஹேவ்' ஆகிய ஏவல் வினைகளின் பின்னும், 'சீ', 'ஹியர்', 'வாட்ச்', 'ஃபீல்' ஆகிய புலனறி வினைகளின் பின்னும் அது வரும். இரு வகையிலும் இடையே ஒரு மாற்றுப்பெயர் நிற்பது வழக்கம்: 'மேட் ஹிம் சிங்', 'லெட் ஹிம் சிங்', 'ஹர்ட் ஹிம் சிங்'. மூன்றிலும் 'ஹிம்' ஒரே வடிவில் ஒரே இடத்தில் நிற்கிறது. தமிழ் இவற்றைப் பிரித்துக் காட்டும். 'அவனைப் பாட வைத்தார்', 'அவனைப் பாட விட்டார்' என்பவற்றில் இரண்டாம் வேற்றுமை. 'அவன் பாடக் கேட்டார்' என்பதில் எழுவாய் வேற்றுமை. ஏவலில் அவன் மீது செயல் நிகழ்கிறது. கேட்டலில் அவன் மீது எதுவும் நிகழ்வதில்லை, அவன் பாடுவதாகிய நிகழ்ச்சி முழுதும் கேட்கப்படுகிறது. ஆங்கில வடிவம் மறைக்கும் அமைப்பு வேறுபாட்டைத் தமிழ் உருபு வெளிக்காட்டுவதை ஆங்கில இலக்கணம் கற்பிப்போரும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளுள் ஒன்றாக எண்ணிய 'செய' என்பதே இங்கெல்லாம் வெற்றெச்சத்துக்கு ஈடாக நிற்கிறது. 'லெட் ஸ்லிப்' என்பது நழுவவிடு. 'லெட் டிராப்' என்பது விழவிடு. சொல்லுக்குச் சொல் பொருந்தும் இத்தகைய இடங்கள் அரியவை. எனினும் இப்பொருத்தத்துக்குள்ளேயே ஓர் இடறல் உள்ளது. 'நழுவவிட்டான்' என்பதில் 'விடு' இசைவைக் காட்டுகிறது. 'நழுவிவிட்டான்' என்பதில் முடிவைக் காட்டுகிறது. 'போகவிட்டான்', 'போய்விட்டான்' என்பவையும் அவ்வாறே. 'சீ த்ரூ' தொடரில் மாற்றுப்பெயரின் இடம் செய்த வேலையை இங்கு எச்சத்தின் ஈறு ஒன்றே செய்கிறது.

ஏவல் வினைகள் மூன்றையும் 'செய்தார்' என்னும் ஒரே சொல்லால் பெயர்ப்பது அறிக்கைத் தமிழில் பரவிவிட்ட சோம்பல். 'மேட் ஹிம் சைன்' என்றால் அவன் விரும்பாமலே கையெழுத்திட வைத்தார். 'லெட் ஹிம் சைன்' என்றால் கையெழுத்திட இசைந்தார். 'ஹேட் ஹிம் சைன்' என்றால் வற்புறுத்தலும் இல்லை, இசைவும் இல்லை. நடைமுறைப்படி அவனிடம் கையெழுத்து வாங்கினார். இம்மூன்றும் 'கையெழுத்திடச் செய்தார்' என்றே வந்தால், ஒப்பந்தம் கட்டாயத்தால் ஆனதா இல்லையா என்னும் வினாவுக்குத் தமிழ்ப் படி விடை தராது. செயப்பாட்டு வடிவில் 'டு' மீண்டும் வந்து 'வாஸ் மேட் டு சைன்' ஆவதையும், 'லெட்' அவ்வாறு எளிதில் செயப்பாட்டுக்கு வராமல் 'அலவ்ட் டு' என்பதற்கு இடம் தருவதையும் இலக்கண நூல்கள் சொல்லுகின்றன. மொழிபெயர்ப்புக்கு அதனால் புதிய இடர் இல்லை.

புலனறி வினைகளின் பின் வரும் வெற்றெச்சம் இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. 'சா ஹிம் க்ராஸ் தி ரோட்' என்பது சாலையை அவன் கடந்து முடித்ததையும் உள்ளடக்கும். 'சா ஹிம் க்ராஸிங் தி ரோட்' என்பது கடக்கும் செயலின் ஒரு பகுதியை மட்டும் கண்டதாகும்; அவன் மறுபக்கம் சேர்ந்தானா என்பதை அத்தொடர் சொல்லவில்லை. விபத்து வழக்கொன்றில் இவ்வேறுபாடு வழக்கின் போக்கையே மாற்றக்கூடும். 'கடந்ததைக் கண்டார்', 'கடந்துகொண்டிருந்ததைக் கண்டார்' எனத் தமிழில் இரண்டையும் தெளிவாகப் பிரிக்கலாம். நடைமுறையில் இரண்டுக்கும் 'கடப்பதைப் பார்த்தார்' என்று எழுதுவதே மிகுதி. அது இரண்டையும் மங்கவைக்கிறது. வெற்றெச்சத்தை அப்படியே 'செய' வாய்பாட்டால் பெயர்க்க விரும்புவோர் 'பார்' என்னும் வினையைத் தவிர்த்துக் 'காண்' என்பதைக் கொள்ள வேண்டும். 'கடக்கக் கண்டார்' என்றால் கடந்ததைக் கண்டார். 'கடக்கப் பார்த்தார்' என்றால் கடக்க முயன்றார். 'படித்துப் பார்', 'படிக்கப் பார்' என்னும் வேறுபாடும் இதுவே.

'ஹர்ட் ஹிம் த்ரெட்டன் ஹர்' என்பதன் பெயர்ப்பு இன்னும் சிக்கலானது. மிரட்டலைத் தன் காதால் கேட்டவரின் கூற்று அது. 'மிரட்டியதைக் கேட்டார்' என்று தமிழில் எழுதினால் மூன்று பொருள் தோன்றும்: மிரட்டலைத் தாமே கேட்டார்; மிரட்டிய செய்தி அவர் காதுக்கு வந்தது; மிரட்டியது குறித்து அவனைக் கண்டித்து வினவினார். 'மிரட்டக் கேட்டார்' என்பதில் முதற்பொருள் ஒன்றே உண்டு. கேள்விச் செய்தியாயின் 'மிரட்டியதாகக் கேள்விப்பட்டார்' எனத் தமிழ் வேறு வடிவம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் அதற்கு 'தட்' சேர்த்த கிளவியத்தை வைத்திருக்கிறது. வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருத்தல் வேண்டும், கேட்கத்தக்க செய்தியைத் தாமே கேட்டதாகக் கூறுபவரே அதற்குச் சாட்சி என்பது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வகுத்த நெறி. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்த பின்னும் அந்நெறி தொடர்கிறது. சாட்சியம் ஒரு மொழியில் சொல்லப்பட்டு மற்றொரு மொழியில் படிக்கப்படும் நாட்டில், ஓர் எச்ச ஈற்றின் தேர்வு சாட்சியை ஏற்பதா தள்ளுவதா என்பதைத் தொட்டுவிடுகிறது. மூத்தோர் பேச்சில் இன்றும் உயிரோடு உள்ள 'சொல்லக் கேட்டிருக்கிறேன்' என்னும் வடிவம், உரைநடையில் 'சொல்வதைக் கேட்டிருக்கிறேன்' என்பதற்கு இடம் விட்டு ஒதுங்கி வருகிறது. நீதிமன்றத் தமிழேனும் அதனைக் காத்துக்கொள்வது நன்று.

ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்போது

தமிழ்ப் புனைகதைகளை ஆங்கிலமாக்குவோர் துணைவினைகளை உதிர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. 'வந்துவிட்டான்', 'வந்து சேர்ந்தான்', 'வந்து நின்றான்' ஆகிய மூன்றும் 'கேம்' என்னும் ஒரே சொல்லாகின்றன. எதிர்பாராத வரவைக் காட்டும் 'வந்து நின்றான்' என்பதற்கு 'டர்ன்ட் அப்' காத்திருக்கிறது. நெடுவழி கடந்த வரவைக் காட்டும் 'வந்து சேர்ந்தான்' என்பதற்குக் 'காட் தேர்' பொருந்தும். தொடர்வினை கொச்சை என்னும் பள்ளிக்கால அச்சம் இத்தேர்வுகளைத் தடுக்கிறது போலும். அவ்வச்சத்தால் கிராமத்து உரையாடல் முழுவதும் இலத்தீன் வழிச்சொற்களால் ஆகி, உழவர் வாயில் அறிக்கை ஆங்கிலம் ஒலிக்கிறது.

'ஹெல்ப்' என்னும் வினையின் பின் 'டு' வரலாம், வராமலும் இருக்கலாம். 'ஹெல்ப்ட் ஹர் கேரி இட்', 'ஹெல்ப்ட் ஹர் டு கேரி இட்' இரண்டும் வழக்கில் உள்ளவை. 'தூக்க உதவினான்' என்பது இரண்டுக்கும் ஈடாகும். ஆனால் தலைச்சுமையை ஏற்றிக்கொள்ள நிற்பவளுக்கு மற்றொருவன் கைகொடுப்பதைத் தமிழர் அவ்வாறு சொல்வதில்லை, 'தூக்கிவிட்டான்' என்பர். இங்கு 'விடு' முடிவையும் குறிக்கவில்லை, இசைவையும் குறிக்கவில்லை. பிறர் பொருட்டுச் செய்த உதவியைக் குறிக்கிறது. இதனை 'லிஃப்டட் இட்' என்று பெயர்த்தவர் சுமையை அவளிடமிருந்தே பறித்துவிடுகிறார். 'ஹெல்ப்ட் ஹர் அப் வித் இட்' என்றால் சுமை அவள் தலையிலேயே இருக்கும்.